ரயில் எஞ்சினின் மாற்று எரிபொருள்: கணக்கைச் சக்கரத்தில் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்ரஜன் ரயில் பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘இந்த ரயிலிலிருந்து வெளியேறுவது நீராவி மட்டுமே.’ அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு ரயில்வே தன் எரிபொருளைத் தேர்ந்தெடுத்தால் பெரும் பணமும் பத்தாண்டுக் காலமும் வீணாகிவிடும். எஞ்சின் எந்தப் புகையைத் தன் கூரை வழியே விடவில்லையோ அதை வேறெங்கோ ஒரு மின்நிலையம் விட்டுக்கொண்டிருக்கலாம். எரிபொருள் எதுவானாலும், சக்கரத்தில் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) வேலை கிடைக்க எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதுதான் நேர்மையான அளவுகோல். அந்தக் கணக்கை உங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

முதலில் டீசல். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. முழுப் பாரத்தை இழுக்கும்போது எஞ்சின் அதில் 40 சதவீதத்தைச் சுழல் ஆற்றலாக மாற்றும். அது மின்சாரமாக்கும் ஆல்டர்னேட்டர், அதை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர், சக்கரத்தைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார், பல்சக்கரம் என்று கைமாறிச் சக்கரத்துக்கு வரும்போது மூன்றரை யூனிட்தான் மிஞ்சும். அந்த ஒரு லிட்டர் எரிந்ததில் 2.68 கிலோ கரியமில வாயு போயிருக்கும். ஆக, சக்கரத்தில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவும் கொஞ்சமும். கச்சா எண்ணெய் எடுப்பதிலும் சுத்திகரிப்பதிலும் ஆகும் புகையைச் சேர்த்தால் இது இன்னும் கூடும். நிலக்கரி, இயற்கை எரிவாயு இரண்டுக்கும் அதுபோன்ற முன்கணக்கு உண்டு என்பதால் எல்லாவற்றிலும் அதை விட்டுவிட்டே ஒப்பிடுகிறேன்.

இந்த மூன்றரை யூனிட்டும் எஞ்சின் இழுக்கும்போது மட்டும்தான். சிக்னலுக்காகவோ லைன் கிடைக்காமலோ யார்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சக்கரத்துக்கு ஒன்றும் தருவதில்லை. ரகத்தையும் வயதையும் பொறுத்து மணிக்கு 10 முதல் 25 லிட்டர் வரை இப்படிப் போகிறது. மணிக்கு 15 லிட்டர், நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் ஓர் எஞ்சினுக்கு ஆண்டுக்கு 54,750 லிட்டர். கரியமில வாயு 147 டன். மாற்று எரிபொருளைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் செய்தியாகாத இடமும் இதுதான்.

எஞ்சினை ஏன் அணைப்பதில்லை? அலட்சியம் மட்டும் காரணமில்லை. பேட்டரி தளர்ந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்ற பயம் லோகோ பைலட்டுக்கு இருக்கும். கம்ப்ரசர் நின்றால் பிரேக் பைப்பில் காற்றழுத்தம் இறங்கும். பிறகு ஏற்றிச் சோதித்துப் புறப்படத் தாமதமாகும். கடுங்குளிர் நாடுகளில் குளிர்விப்பு நீர் உறையும். இதற்கு இரண்டு தீர்வுகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, பேட்டரி மின்னழுத்தம், காற்றுத் தொட்டி அழுத்தம், நீர் வெப்பநிலை மூன்றையும் கவனித்துத் தானே நிறுத்தித் தானே ஸ்டார்ட் செய்யும் கருவி. மற்றொன்று, துணை மின் அலகு என்ற சின்ன டீசல் எஞ்சின். பெரிய எஞ்சின் அணைந்திருக்கும்போது மணிக்கு சுமார் 3 லிட்டரில் பேட்டரியையும் காற்றையும் இது பார்த்துக்கொள்ளும். கருவியை மாட்டியும் பலன் கிடைக்காத இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி காற்றுக் கசிவுதான். வண்டிகளுக்கிடையே உள்ள ஹோஸ் இணைப்புகளில் காற்று ஒழுகினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் எழுந்துவிடும். எரிபொருள் மிச்சமாகாது, ஸ்டார்ட்டர் தேய்வதுதான் மிச்சம். கசிவையும் பேட்டரியையும் சரிசெய்துவிட்டுத்தான் கருவியை மாட்ட வேண்டும்.

இனி ஹைட்ரஜன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகிறது. அதை 350 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு, அழுத்தத்துக்கு ஏற்ற இன்னும் மூன்று யூனிட். அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பது 33 யூனிட். ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல் அதில் பாதியை மின்சாரமாக்கும். மோட்டார் வழியாகச் சக்கரத்துக்கு 15 யூனிட் வரும். கொடுத்தது 57, கிடைத்தது 15. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கால் யூனிட் வேலை. அதே ஒரு யூனிட்டை மேல்நிலைக் கம்பி வழியாகக் கொடுத்தால் சக்கரத்தில் முக்கால் யூனிட்டுக்கு மேல், ஏறத்தாழ 0.8 கிடைக்கும். பேட்டரியில் ஏற்றி இறக்கினால் 0.7.

நூறு யூனிட் சூரிய மின்சாரம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பிக்குக் கொடுத்தால் 80 யூனிட் வேலை, அதாவது 23 லிட்டர் டீசல் மிச்சம். ஹைட்ரஜனாக்கினால் 26 யூனிட் வேலை. மிச்சமாவது ஏழு லிட்டர் சொச்சம். சுத்தமான மின்சாரம் எங்கும் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் இந்த 23-க்கும் 7-க்கும் உள்ள இடைவெளியை எந்தத் தொழில்நுட்ப விளம்பரமும் மூடிவிட முடியாது.

மின்சாரம் சுத்தமில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். டீசலோடு சமன் ஆக வேண்டுமானால் கம்பி ரயிலுக்கான மின்சாரம் யூனிட்டுக்கு 0.6 கிலோ கரியமில வாயுவுக்குள் இருக்க வேண்டும், பேட்டரிக்கு 0.54, ஹைட்ரஜனுக்கு 0.2. நிலக்கரி மின்நிலையம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வெளியிடுகிறது. திறன்மிக்க எரிவாயு மின்நிலையம்கூட 0.35-க்குக் குறைவதில்லை. எரிவாயு மின்சாரத்தில் பிரித்தெடுத்த ஹைட்ரஜனில் ஓடும் ரயில், டீசல் ரயிலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கரியமில வாயுவுக்குப் பொறுப்பாகிறது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து எடுக்கும் ஹைட்ரஜனுக்கு, கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கரியமில வாயு. சக்கரத்தில் யூனிட்டுக்கு அதுவும் டீசலுக்கு அருகில்தான் வந்து நிற்கும். நேர்மையாகச் சொல்வதானால், முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கம்பி ரயிலும் இந்தக் கணக்கில் டீசலிடம் தோற்கும். ஆனால் அதற்கு இரண்டு சாதகங்கள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரலாம். மின்தொகுப்பு சுத்தமாக ஆக, எஞ்சினில் ஒரு நட்டைக்கூட மாற்றாமல் ரயிலும் சுத்தமாகிவிடும்.

ஹைட்ரஜனின் அடுத்த சிக்கல் இடம். 350 பாரில் ஒரு லிட்டர் கொள்ளளவில் 0.8 யூனிட்தான் அடங்கும்; டீசலில் 10. ஒரு பெரிய கூட்ஸ் எஞ்சின் 6,000 லிட்டர் டீசல் கொண்டுபோகிறது. அது சக்கரத்தில் 21,000 யூனிட். அதே வேலைக்கு 1,400 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். 58 கன மீட்டர் இடம். ஹைட்ரஜனின் எடை தொட்டி அமைப்பின் எடையில் ஐந்தாறு சதவீதம்தான் என்பதால் தொட்டிகள் மட்டும் 25 டன். எஞ்சினுக்குள் இது அடங்காது. எரிபொருளை மட்டும் சுமக்கும் தனி டெண்டர் வண்டி வேண்டும். இரண்டு பெட்டிப் பயணிகள் ரயிலின் கூரையில் அடங்கும் தொழில்நுட்பத்தைக் காட்டிக் கூட்ஸ் வண்டிக்கும் இதுவே வழி என்று சொல்வது சரியில்லை.

பராமரிப்பிலும் புதிய கண்டிப்புகள் வருகின்றன. ஐ.எஸ்.ஓ. 14687 தரப்படி ஃபியூயல் செல்லுக்கான ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளாட்டினம் வினையூக்கி மந்தமாகிவிடும். உள்ளே இழுக்கும் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடும் அதே வேலையைச் செய்யும். டீசல் எஞ்சின்களோடு ஒரே நிலையத்தைப் பகிரும் ஹைட்ரஜன் ரயிலுக்குக் காற்று வடிகட்டி அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்திலும் ஹைட்ரஜன் பற்றக்கூடியது. மேலே எழும்பிக் கூரையடியில் தங்கும். ஆகவே எஞ்சின்களைப் பராமரிக்கும் பழைய ஷெட்டை அப்படியே பயன்படுத்த முடியாது. கூரையின் உச்சியில் காற்றுப்போக்கிகளும் தீப்பொறி எழாத விளக்குகளும் கசிவு உணரிகளும் வேண்டும்.

ஹைட்ரஜன் ரயிலுக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படும் ஜெர்மனியின் அனுபவத்தையே பார்க்கலாம். லோயர் சாக்சனி மாநிலத்தில் 2018-இல் அல்ஸ்டாம் நிறுவனத்தின் கோராடியா ஐலின்ட் ரயில்கள் பயணிகள் சேவைக்கு வந்தன. 2022-இல் 14 ரயில்கள் கொண்ட முழு அணியாயின. 2023-இல் அதே மாநிலத்தின் போக்குவரத்து அமைப்பு, இனி வாங்கப்போவது பேட்டரி ரயில்களே, அவற்றை ஓட்டுவதுதான் மலிவு என்று அறிவித்தது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் தன் வழித்தடங்களுக்காக 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஹைட்ரஜன் மற்ற மின் வழிகளைவிட 80 சதவீதம் வரை கூடுதல் செலவு என்றது. சோதித்துப் பார்த்தவர்களே சொன்னது என்பதால் இதற்கு எடை அதிகம்.

பேட்டரிக்கும் எல்லை உண்டு. 6,000 லிட்டர் டீசலின் வேலையை பேட்டரியில் சுமந்தால் இன்றைய தொழில்நுட்பத்தில் 190 டன் பேட்டரி வேண்டும். எஞ்சினின் மொத்த எடையே 120 டன் என்ற அளவில்தான். நீண்ட தூரக் கூட்ஸுக்குத் தனியே பேட்டரி எடுபடாது. துணையாக எடுபடும். அமெரிக்காவில் 2021-இல் வாப்டெக் நிறுவனத்தின் 2,400 யூனிட் பேட்டரி எஞ்சினை டீசல் எஞ்சின்களோடு கோத்து பி.என்.எஸ்.எஃப். ரயில்வேயில் ஓட்டிப் பார்த்ததில் மொத்த எரிபொருள் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்து வெப்பமாக்கி வீணடிக்கும் ஆற்றலை பேட்டரி பிடித்துவைத்துக்கொள்வதே காரணம்.

யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் வேலையில் பேட்டரிக்கு நிகரில்லை. ஷண்டிங் எஞ்சின் பெரும்பொழுது சும்மா நிற்கும், கொஞ்ச நேரம் கடுமையாக இழுக்கும். நாளுக்கு 200 லிட்டர் டீசல் எரித்தாலும் சக்கரத்தில் செய்யும் வேலை ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாது. 600 யூனிட் பேட்டரி ஐந்தாறு டன். அந்த எடையும் பாரமில்லை. சக்கரம் வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஷண்டிங் எஞ்சின்களில் ஏற்கெனவே இரும்பு எடை வைப்பதுண்டு. அந்த இடத்தில் பேட்டரி உட்கார்ந்துகொள்ளும். கவனிக்க வேண்டியவை இரண்டு. பேட்டரியை முழுக்கக் காலியாக்காமல், அதன் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குள் எடுத்து நிறுத்தினால் ஆயுள் வெகுவாக நீளும். எல்லா எஞ்சின்களையும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒன்றாகச் சார்ஜில் போட்டால் உச்சத் தேவைக் கட்டணம் எகிறி, மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிடும்.

இருக்கும் ஆயிரக்கணக்கான டீசல் எஞ்சின்களை என்ன செய்வது? அவை இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் ஓடும். இங்குதான் பயோடீசல் வருகிறது. தாவர எண்ணெய் 100 கிலோவுக்கு 20 முதல் 22 கிலோ மெத்தனால், ஒரு கிலோவுக்குள் காஸ்டிக் சோடா; 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கலக்கினால் கிட்டத்தட்ட 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் பிரியும். மெத்தனாலில் பாதிதான் வினையில் சேரும். மீதியை ஆவியாக்கி மீட்க வேண்டும். பொரித்த எண்ணெயில் தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலம் ஓரிரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் காஸ்டிக் சோடா அதைச் சோப்பாக்கிவிடும், கிளிசரின் பிரியாது. அதற்கு முன்னதாகக் கந்தக அமிலம் சேர்த்து ஒரு சுற்று நடத்த வேண்டும். கழுவி நீக்காமல் விட்ட கிளிசரினும் சோப்பும்தான் பின்னால் இன்ஜெக்டர் முனையில் படிந்து வேதனை தருகின்றன.

20 சதவீதக் கலவை, அதாவது பி20, பெரும்பாலான எஞ்சின்களில் மாற்றமின்றி ஓடும். ஆற்றல் இழப்பு ஓரிரு சதவீதமே. சாலை வாகனங்களின் கனரக எஞ்சின்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் தொகுத்த ஆய்வின்படி, பி20-இல் துகள் மாசு 10 சதவீதமும் கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும் எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் கூடுகிறது.

மாற்றும்போது ஷெட்டில் நடப்பது வேறு கதை. பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை முதல் சில வாரங்களில் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். ‘பயோடீசலால் எஞ்சின் நின்றது’ என்ற புகார்களில் பெரும்பகுதி இதுதான். டேங்கின் அடியிலுள்ள தண்ணீரையும் கசடையும் முன்னதாக வடித்துவிட வேண்டும். முதல் இரண்டு மாதம் ஃபில்டரை வழக்கத்தில் பாதி இடைவெளியில் மாற்ற வேண்டும். செறிவு கூடக்கூட நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் ஊதும். ஃப்ளூரோகார்பன் ரப்பருக்கு மாற வேண்டும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பட்டால் எரிபொருள் சீக்கிரம் ஆக்சிஜனேறிக் கெடும். தண்ணீரை ஈர்ப்பதால் டேங்கில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பான படலம் கட்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எரியாத பயோடீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி லூப் ஆயிலில் (மசகெண்ணெயில்) சேர்ந்தால் டீசல் போல் ஆவியாகிப் போகாது. ஆகவே பரிசோதனையில் ஆயில் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். சிந்தியதைத் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம். மூடியிட்ட உலோகத் தொட்டியில்தான் போட வேண்டும்.

எண்ணெய் எங்கிருந்து என்பதுதான் பயோடீசலின் உண்மையான தேர்வு. காடழித்த கரிசதுப்பு நிலத்திலிருந்து வரும் பாமாயிலில் செய்த பயோடீசல், மொத்தக் கணக்கில் டீசலைவிடக் கேடு. காட்டாமணக்கு விதையின் எண்ணெயை நம்பியது இன்னொரு பாடம். 2002 டிசம்பர் 31-இல் டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீத பயோடீசல் கலவையில் ஓடியது. எஞ்சின் எந்தக் குறையும் சொல்லவில்லை. குறை வயலில் இருந்தது. தண்ணீரும் உரமும் இல்லாத தரிசில் காட்டாமணக்கு சாகாது, ஆனால் எதிர்பார்த்த விதையும் தராது. பயன்படுத்திய சமையல் எண்ணெயே சிறந்த மூலப்பொருள். அது கிடைக்கும் அளவோ குறைவு.

அதே எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து எடுக்கும் எச்.வி.ஓ. என்ற புதுப்பிக்கத்தக்க டீசல் தரத்தில் பயோடீசலை விஞ்சும். ஆக்சிஜன் இல்லாததால் கெடாது, தண்ணீரை ஈர்க்காது, எஞ்சினுக்குள் எவ்வளவு எளிதில் பற்றும் என்று காட்டும் சீட்டேன் எண் 70-க்கு மேல். கனஅளவில் நான்கைந்து சதவீதம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. அரோமாட்டிக் சேர்மங்கள் இல்லாததால் பழைய சீல்கள் சுருங்கி ஒழுகலாம். மாற்றும்போதே புதிது போட்டுவிட்டால் தொல்லையில்லை. விலைதான் தடை. விமான நிறுவனங்களும் இதே எண்ணெய்க்குப் போட்டியிடுவதால் அது எளிதில் இறங்காது.

எல்.என்.ஜி., அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு (பெரும்பகுதி மீத்தேன்), பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ‘25 சதவீதம் குறைவான கரியமில வாயு’ என்ற அதன் விளம்பரம் உண்மைபோலத் தோன்றும். ஒரு யூனிட் வெப்பத்துக்கு டீசல் 267 கிராம், மீத்தேன் 202 கிராம். லாபம் 65 கிராம். ஒரு யூனிட் வெப்பத்துக்கு வேண்டிய மீத்தேன் 72 கிராம். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 30 மடங்கு வெப்பம் கூட்டுவது. இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். ஆகவே எரியாமல் தப்பும் மீத்தேன் 3 சதவீதத்தை எட்டினால் லாபம் முழுவதும் போய்விடும். இருபதாண்டுக் கணக்கில் 1 சதவீதமே போதும். பிஸ்டன் தலைக்கும் ரிங்குக்கும் இடையிலுள்ள இடுக்கில் சுடர் எட்டாது, அங்கே தங்கும் வாயு அப்படியே வெளியேறும். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் படியான நாட்ச் குறைவாக இருக்கும்போது கலவை நீர்த்துப்போய் அரைகுறையாக எரியும். புகைபோக்கியில் மீத்தேனை அளக்காமல் கரியமில வாயுவை மட்டும் அளந்து தரும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

எல்.என்.ஜி. மைனஸ் 162 டிகிரியில் இருப்பது. சாதாரண எஃகு அந்தக் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகில் இரட்டைச் சுவர் வெற்றிடத் தொட்டி வேண்டும். எவ்வளவு காப்பிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அழுத்தம் ஏறும்; டெண்டரைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைத்தால் சில நாளில் பாதுகாப்பு வால்வு திறந்து மீத்தேன் வெளியே போகும். வாசனை சேர்க்கவும் முடியாது, அது உறைந்துவிடும். கசிவை மூக்கு அறியாது, கருவிதான் அறிய வேண்டும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வே இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே ஒரு டெண்டர் வைத்து 24 எஞ்சின்களை இப்படி ஓட்டியது. ஜாக்சன்வில்லிலிருந்து மயாமி வரை 565 கி.மீ. நீளும் ஒரே வழித்தடம், எஞ்சின்கள் வேறெங்கும் போகாது, நிரப்புமிடம் ஒரு முனையில். அந்தச் சூழல் இல்லாத இடத்தில் அதைப் படியெடுக்க முடியாது.

எரிபொருள் மலிவு என்பதும் நிலைக்காது. 1950-களில் யூனியன் பசிபிக் ரயில்வே, கழிவாகக் கருதப்பட்ட பங்கர் எண்ணெயை எரிக்கும் வாயுச் சுழலி எஞ்சின்களை வாங்கியது. சும்மா நிற்கும்போதும் டர்பைன் எண்ணெயைக் குடித்தது. எண்ணெய் மலிவு என்பதால் பொறுத்தார்கள். பிறகு அந்த எண்ணெய்க்கு வேறு தேவைகள் வந்து விலை ஏறியதும் எல்லாம் ஓரங்கட்டப்பட்டன. மாற்றாகச் சொல்லப்படும் இன்னும் இரண்டு, மெத்தனாலும் அம்மோனியாவும். மெத்தனால் கனஅளவில் டீசலைப்போல் இரண்டேகால் மடங்கு இடம் கேட்கும், சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, அம்மோனியா நச்சு. இரண்டையும் பயணிகள் நிலையத்துக்குள் கொண்டுவர அவசரப்பட வேண்டியதில்லை.

கம்பி இழுக்கும் செலவு கிலோமீட்டருக்கு. எரிபொருள் செலவு ரயிலுக்கு. ஆகவே ரயில்கள் நெருங்கி ஓடும் தடத்தில் கம்பி தன் செலவைத் தானே மீட்கும். நாளுக்கு நாலைந்து ரயில் ஓடும் கிளைத் தடத்தில் மீட்காது. அங்கே பாதித் தூரம் கம்பி, மீதி பேட்டரி என்ற வழி நன்றாகப் பொருந்துகிறது. பழைய பாலமும் சுரங்கமும் இருக்கும் இடத்தில் கம்பியை விட்டுவிட்டு, நிலையத்திலும் ஏற்றத்திலும் மட்டும் இழுக்கலாம். இன்றைய பேட்டரி ரயில்கள் கம்பியில்லாமல் 80 முதல் 120 கி.மீ. வரை இயல்பாக ஓடுகின்றன. இதையும் தாண்டிய தனித்த நீண்ட தடங்களும், பக்கத்திலேயே உபரி சுத்த மின்சாரமும் இருந்தால் ஹைட்ரஜனுக்கும் இடம் உண்டு. செலவை மறந்துவிட்டு எதையும் செய்வதும் சுற்றுச்சூழலுக்கு உதவாது. சரக்குக் கட்டணம் ஏறினால் சரக்கு லாரிக்குப் போகும், லாரி அதே டன்னுக்கு ரயிலைப்போல் மூன்று நான்கு மடங்கு டீசல் எரிக்கும்.

மாற்று எரிபொருள் ரயில் பற்றிய செய்தியை அடுத்த முறை வெளியிடும்போது தங்கள் நிருபர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த எரிபொருள் எதிலிருந்து, எந்த மின்சாரத்தில் செய்யப்பட்டது? சக்கரத்தில் ஒரு யூனிட்டுக்கு உற்பத்தியிலிருந்து கணக்கிட்ட கரியமில வாயுவும் எரியாத மீத்தேனும் எவ்வளவு? டேங்க், டெண்டர், ஷெட் மாற்றம், ஃபியூயல் செல் மாற்று என எல்லாம் சேர்த்து எஞ்சினின் ஆயுள் முழுவதற்கும் செலவு எவ்வளவு? சொல்லப்படும் மிச்சம் முழுச் சக்தியான எட்டாம் நாட்ச்சில் ஒரு மணி நேரம் ஓட்டி எடுத்த அளவா, யார்டில் நின்ற நேரத்தையும் சேர்த்து ஓராண்டு ஓட்டி எடுத்த அளவா?

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் கணக்கறிந்த ஒரு வாசகர்